பாதியில் நிறம் மாறும் பூ

நாகமலைச் சரிவில், உடன் ஏறிய நண்பர் பெயர் தெரியாத முள்செடி ஒன்றைக் காட்டினார். தொங்கிய பூங்கொத்துகளில் மேல்பாதி ரோஸ், கீழ்ப்பாதி மஞ்சள். கைப்பேசியில் தேடியபோது ‘விடத்தலை’ என்று வந்தது.

ஆறாம் வகுப்பில் என்னோடு படித்த முத்துராக்கு இதே பூவை வரைந்து வந்திருந்தாள்.

“ஏ புள்ள, பாதியில கலர் தீந்துபோச்சா?” என்றேன். வகுப்பே சிரித்தது.

“விடத்தலைப் பூவு அப்பிடித்தாம்டா இருக்கும். ஆடு மேய்க்கிற எடத்துக்கு வா, காட்டுறேன்” என்றாள்.

நான் போகவில்லை. அவள் படத்தைக் கிழித்துப் பைக்குள் திணித்துக்கொண்டாள். பிறகு அவள் வரைந்து நான் பார்த்ததில்லை.

அன்றிரவு டைரியில் தேதி போட்டு எழுதினேன்: “முத்துராக்கு பொய் சொன்னாள்.”

என் டைரிகளில் தப்பான வரி ஒன்றுகூடக் கிடையாது என்று, மலையேறும்போதுதான் நண்பரிடம் பெருமையடித்திருந்தேன்.