கொரியாக்காரனுக்குக் கை வழுக்கின இடம்

தனுஷ்கோடி சங்கையாவுக்குத் தர வேண்டிய கடன் பதினோராயிரம் ரூபாய். மகள் காதுகுத்துக்கு எடுத்த ஆட்டுக்கறிக்குப் பாக்கி. இந்தா அந்தா என்று ரெண்டு வருசம் இழுத்துவிட்டான்.

சங்கையா லேசுப்பட்ட ஆளா? மூணாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் கூமாப்பட்டியிலிருந்து ஒற்றைக் கத்தியோடு வந்தவர். இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தக் கறிக்கடை, மாடி வீடு. அவர் உரித்த ஆடுகளை வரிசையாக நிறுத்தினால் ராஜபாளையம் தாண்டும்.

அந்த ராஜபாளையத்தில்தான் தனுஷ்கோடி தறி போட்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையில் நின்று புதுப்படத்தைப் புகழ்ந்தான். கொரியப் படத்தைத் தமிழில் எடுத்தார்களாம். நம்மாள் கொரியாக்காரனைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டானாம். ரெண்டையும் பார்த்திருந்த சங்கையா, தமிழ்ப்படம் சுத்தப் பொய் என்றார்.

"தமிழே எழுத்துக்கூட்டித்தான் படிப்பீக. கொரியா பாஷை எப்படி அண்ணாச்சி புரிஞ்சது?"

கடையே சிரித்தது. சங்கையாவுக்குச் சுருக்கென்றது.

"குத்துக்கு எதுக்குலே பாஷை?"

ரெண்டு படத்திலும் வருகிற மாடிப்படிச் சண்டையை அவர் பிட்டுப் பிட்டு வைத்தார். ஒன்பது பேரைக் குத்தியும் நம்ம ஹீரோவுக்குச் சட்டை கசங்கவில்லை. கொரியாக்காரனுக்கு ரெண்டாவது குத்திலேயே கத்தி எலும்பில் முட்டுகிறது. ரத்தக் கை பிடியிலிருந்து வழுக்கி அலகுக்கு இறங்கி, விரல் ரெண்டு பிளந்துபோகிறது. சட்டைக்கையைக் கிழித்துக் கத்தியைக் கையோடு கட்டி, முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டு மூணாவது ஆள் குடலில் ஏற்றுகிறான். ஹீரோவுக்குக் கை வழுக்கலாமா என்று நம்மாள்கள் அதை வெட்டி எறிந்துவிட்டார்கள்.

வழுக்காது என்று தனுஷ்கோடி அடித்துச் சொல்லிப் பந்தயம் கட்டினான். வழுக்கினால் பாக்கி பூராவும் இப்பவே. வழுக்கவில்லையா, கடனே கிடையாது. கறி வாங்க வந்த அங்காளம்மாள் ஆச்சி சாட்சி.

சங்கையா கத்திப்பிடியில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். கறிக்கடைக்காரன் எவனும் அந்தத் துணி இல்லாமல் கத்தியைத் தொடமாட்டான். ரத்தச் சட்டியில் பிடியை முக்கி நீட்டினார்.

"மெதுவா குத்து. இது சினிமா இல்ல."

தொங்கிய ஆட்டில் தனுஷ்கோடி ஹீரோ கணக்காக ஓங்கிக் குத்தினான். முதுகெலும்பில் மோதிக் கத்தி நின்றது. கை நிற்கவில்லை. உள்ளங்கை குறுக்கே பிளந்து, வெள்ளையாய் உள்நரம்பு தெரிந்தது. பொறவுதான் ரத்தம் குபுகுபுவென்று வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஆட்டு ரத்தமும் இவன் ரத்தமும் ஒரே நெறமால்லா இருக்கு," என்றாள் அங்காளம்மாள்.

சங்கையா தன் துண்டால் அந்தக் கையை இறுக்கிக் கட்டி, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிக்க ஆள் அனுப்பினார். பணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தனுஷ்கோடிதான் பல்லைக் கடித்துக்கொண்டு, சட்டைப்பையில் தறிக்கூலிக்கு வைத்த பணம் இருக்கு, எடுத்துக் குடுங்க ஆச்சி என்றான்.

சங்கையா கையை நீட்டினார். அங்காளம்மாள் எச்சில் தொட்டுத் தொட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எண்ணி வைத்தாள். மேலே நாலைந்து தாள் ரத்தத்தில் ஒட்டியிருந்தன. அவற்றையும் பிரித்து எண்ணி, இருபத்திரண்டாவதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.