‘ம்’ கொட்ட ஓர் ஆள்

தான்சானியாவில் கதை கேட்பவர்கள் கத்துகிறார்கள். போர்வெல் வண்டியோடு இங்கே வந்த எனக்கு இன்னும் பழகாதது அதுதான். ஞாயிறு மாலை, வண்டி நிற்கும் இடத்துக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களும் பிள்ளைகளும் பாட்டும் கதையுமாகக் கூடுவார்கள். கதை சொல்பவர் “ஹதீதி, ஹதீதி!” என்பார். “ஹதீதி ன்ஜோ!” என்று கூட்டம் முழுக்கக் கத்தும். கதையே வா என்று அர்த்தமாம். முதல் நாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து, எங்கள் ஊர் வழக்கப்படி வரிக்கு வரி ‘ம்’ கொட்டினேன். கதை சொன்ன வாட்ச்மேன் பாதியில் நிறுத்தி, வயிற்றைத் தொட்டுக் காட்டி, வலிக்கிறதா என்று சைகையில் கேட்டார்.

திருச்செங்கோட்டுப் பக்கம் ‘ம்’ இல்லாமல் கதை நகராது. லாரி ஓட்டிய என் அப்பா, என் ‘ம்’ நின்றால் தானும் நிறுத்திவிடுவார். “தூங்கிட்டயா சாமி?” என்பார். என் மகள் தாரணிக்கு நான் அப்படி ஒரு கதையும் சொன்னதில்லை. அவள் வளர்ந்ததெல்லாம் நான் ஊரில் இல்லாத வருஷங்களில். போன் செய்தால், “சாப்ட்டனுங்ப்பா. இருங்க, அம்மாகிட்டக் குடுக்கறேன்” என்பாள். அவ்வளவுதான்.

போன மாதம் எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிறுதோறும் கும்மியும் கதையும் ஆரம்பித்தார்கள். வீட்டுக்கு ஒருவர் கதை சொல்ல வேண்டும். தாரணி என் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

“ஏனுங்க, நாலு பேரக் கண்டா ஒளியற ஆளு நீங்க. புள்ள ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கறா. மானத்த வாங்கிறாதீங்க” என்றாள் மனைவி போனில்.

என் முறை வந்த ஞாயிறு போன் செய்தேன்; நூலகத்தில் ஸ்பீக்கரில் போட்டார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்து வேலூரில் வெற்றிலைத் தோட்டத்துக்குள் ஒரு நரி புகுந்தது என்று தொடங்கினேன். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. பிள்ளைகள் வகுப்பில் இருப்பதுபோல வாய் மூடிக் கேட்டார்கள் போலும். இன்னொரு வரி சொன்னேன். ‘ம்’ இல்லை. அப்பாவைப் போலவே நானும் நிறுத்திவிட்டேன்.

“உங்கப்பா லைன் கட்டாயிருச்சு புள்ள” என்றது ஒரு குரல்.

“இல்ல, இருக்கறாங்க” என்றாள் தாரணி. குரல் அழப்போவது போலிருந்தது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. “ஹதீதி, ஹதீதி!” என்று கத்தினேன். “ஹதீதி ன்ஜோன்னு கத்தோணுஞ் சாமி. இல்லீனா நரி வராது.”

முதலில் அவள் மட்டும் கத்தினாள். பிறகு எல்லாரும். நரி வந்தது, வெற்றிலை மென்று வாய் சிவந்து, ரத்தம் என்று பயந்து ஓடியது. சிரிப்புக்கு நடுவே யாரோ பெரியவர் ‘ம்’ கொட்டினார். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள்.

“அப்பா, நரி அப்பறம் எங்க போச்சு?” என்று கேட்டாள் தாரணி. அம்மாவிடம் போனைக் கொடுக்கவில்லை.

அந்த நேரம் எனக்குப் பின்னால் பள்ளிக்கூடத்தில் இங்கத்துப் பிள்ளைகள் “ஹதீதி ன்ஜோ!” என்றார்கள். ஒரு காதில் அவர்கள், மறுகாதில் அவள். இரண்டுக்கும் சேர்த்து ஒரு ‘ம்’ கொட்டினேன்.