வலம்புரி காய்க்காத வருஷங்கள்

பக்கத்து வீட்டுப் பெண்குழந்தை இன்று காலையில் பலாச்சுளையைத் தின்றுவிட்டு, பிசின் கையாலேயே தலையைச் சொறிந்துகொண்டுவிட்டது. ஜவ்வாது மலையிலிருந்து வண்டியில் வந்த பழம். பிசின் என்றால் அப்படியொரு பிசின். அதன் அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மயிராகப் பிரிக்கிறாள்; குழந்தை ஊரைக் கூட்டுகிறது. வேடிக்கை பார்க்கப் போன நானும் முதலில் சிரித்தேன். அப்புறம், பிசினும் எண்ணெயும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியது. எழுந்து வீட்டுக்குள் வந்துவிட்டேன். வந்த பிறகும் மனசு ஆறவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

எழுத்து எனக்கு வயதான பிறகு வந்தது. மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்து, சிலேட்டில் 'ழ' போட வராமல் விழித்து, கன்னியாஸ்திரீ அம்மாளிடம் குட்டு வாங்கிக் கற்றது. வரி எங்கேயாவது கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்து சில வருஷங்கள் கழித்து எனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஆரணிக்கு வெளியே, ஏரிக்கரையை ஒட்டி எங்கள் சேரி. நான் டவுனில் ஒரு பட்டுக்காரர் வீட்டில் இராட்டை சுற்றி நூல் முறுக்கினேன். கையெல்லாம் பட்டு, இடுப்பில் கந்தல். அதைச் சொல்லி நாங்களே சிரித்துக்கொள்வோம். என் வீட்டுக்காரர் பெயர் சூசை. காடை, கௌதாரி பிடிப்பார். ஆலமரத்துப் பாலை எண்ணெயோடு காய்ச்சினால் விரலைக் கவ்விக்கொள்கிற பிசின் கிடைக்கும். அதை மெல்லிய குச்சிகளில் பூசிப் புதரில் வைப்பார். எங்களோடு அவருடைய அக்கா மதலேனாளும் அவள் மகள் தெரேசுவும் இருந்தார்கள். பஞ்சத்தில் கல் உடைக்கப் போன இடத்தில் மதலேனாளின் புருஷன் செத்துப்போனான். நான் அவளை அண்ணி என்று கூப்பிடுவேன்.

அண்ணியின் பிழைப்பு வலம்புரிக்காய். சமணர் கோயில் இருக்கிற திருமலைக்குப் போகிற பாதையில் ஒரு குன்று இருந்தது. அதன் சரிவெல்லாம் வலம்புரிப் புதர். ஆடி மழை விழுந்ததும் செங்கல் சிவப்பில் பூக்கும். பூவின் நடுவிலிருந்து ஒரு நீளக் காம்பு, நாக்கை நீட்டி அழகு காட்டுவதுபோல வெளியே வந்திருக்கும். மறுநாளே அந்தச் சிவப்பு செத்து ஈய நிறமாகிவிடும். அப்புறம் காய். கயிறு திரித்ததுபோலத் திருகிக்கொண்டு தொங்கும். நாள் பூராவும் முறுக்கி முறுக்கித் தோள் இற்றுப்போன எனக்கு, யாரும் முறுக்காமல் தானே முறுக்கிக்கொண்ட அந்தக் காயைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். கைக்குழந்தைக்கு வயிறு முறுக்கினால் அதை உரசிக் கொடுப்பார்கள். காது சீழுக்கு எண்ணெயில் காய்ச்சி விடுவார்கள். தை மாதத்தில் அண்ணி கூடை கூடையாகப் பறித்து பஜாரில் நாட்டு மருந்துக் கடைக்குக் கொடுப்பாள். அந்தக் காசில் வாங்குகிற கம்பும் கேழ்வரகும்தான் அடுத்த மழை வரைக்கும் எங்கள் எல்லோருக்கும் கூழ்.

பஞ்சத்துக்கு முன்னால் அந்தப் பூவுக்கு எல்லாக் குருவியும் வருமாம். மைனா, தவிட்டுக்குருவி, கொண்டைக்குருவி என்று புதரே கத்துமாம். பஞ்சத்தில் ஜனங்கள் அவற்றைப் பிடித்துத் தின்றுவிட்டார்கள். அதைக் குற்றம் சொல்ல எனக்கு நாக்கு வராது. ஒரு வாய்க்கும் காணாது என்பதால் தப்பித்தது தேன்சிட்டு மட்டும்.

அதற்கும் ஆள் வந்தான். சென்னப்பட்டணத்திலிருந்து தகரப்பெட்டியோடு வந்த ஒரு தரகன். இறைச்சி வேண்டாம், தோலும் இறகும் போதும் என்றான்.

"வெள்ளைக்காரச்சிங்க தொப்பியில குத்திக்குவாங்களாம்" என்று சூசை வந்து சொன்னபோது நானும் அண்ணியும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அந்த மழைக்காலம் முழுவதும் அவர் வலம்புரிப் புதரில் குச்சி வைத்தார். கறுப்பா நீலமா என்று சொல்ல முடியாமல் மின்னுகிற அந்தப் பொடிக் குருவிகள் தேன் குடிக்க வந்து ஒட்டிக்கொண்டு, உடம்பே இதயம்போலத் துடிக்கும். வீட்டில் நெல்லுச்சோறு பொங்கினோம். என் மகன் அப்போது பால் குடிக்கிற பிள்ளை; சோறு தின்றதால் எனக்குப் பால் ஊறியது.

அடுத்த வருஷமும் குன்று சிவக்கப் பூத்தது. தையில் அண்ணி கூடையோடு போய் வெறுங்கூடையோடு வந்தாள். மழை குறைவு என்றாள். புழு என்றாள். பிறகு, கல்லறைத் தோட்டத்து மூலையில் தனியாக நிற்கிற ஒரே ஒரு வலம்புரிப் புதரில் மட்டும் காய் குலுங்குவதைப் பார்த்துவிட்டு வந்தாள். அப்பா அம்மா கிடக்கிற இடம் என்று சூசை அங்கே மட்டும் குச்சி வைத்ததில்லை. அண்ணி வாசலில் நின்றுகொண்டே கேட்டாள்.

"சூசை, நீ தோலு உரிச்ச குருவிங்க நெத்தியில மஞ்சளா மாவு ஒட்டிகினு இருந்துச்சே, கெவனிச்சியா?"

"ஆமா. ஊதித் தள்ளிட்டு உரிப்பேன். அதுக்கு இன்னா இப்போ?"

"அது பூவோட மாவுடா. ஒரு பூவுலேர்ந்து இன்னொரு பூவுக்கு அதுதான் தூக்கிகினு போயிருக்குது. அது போவலன்னா காய் இல்ல. என் கூடைய நீ அறுத்துட்டே."

அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். குருவி விற்ற காசில் பொங்கிய சோற்றை அவளும்தான் தின்றாள், நானும் தின்றேன்.

மறு ஆடியில் அண்ணி செய்ததைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அன்றைக்கு ஊரே சிரித்தது. விடிந்ததும் குன்றுக்குப் போவாள். ஒரு புதரில் பூவைக் கிள்ளி, அதன் நாக்கு நுனியை அடுத்த புதரின் பூ நாக்கில் தடவுவாள். குருவி செய்வதைத் தான் செய்கிறாளாம். இராட்டை வேலை இல்லாத நாளெல்லாம் நானும் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனேன். முள் கிழிக்கும், கழுத்து ஒடியும். இந்தப் புதரில் தடவி முடிப்பதற்குள் அந்தப் புதரில் பூ நிறம் மாறிவிடும். மாடு மேய்க்கிறவர்கள், "இன்னாம்மே, பூவுக்குக் கண்ணாலம் பண்றீங்களா?" என்று கத்துவார்கள். "ஆமாடா, மொய் எழுத வா" என்று அண்ணி திருப்பிக் கத்துவாள். அவள் சிரித்துக் கடைசியாக நான் பார்த்தது அங்கேதான். எங்கள் கை பட்டதில் சிலது பிடித்தது. பிஞ்சு இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திருகிக்கொண்டு வந்தது. அவ்வளவுதான். அந்தச் சிறு குருவி விளையாட்டாய்ச் செய்ததில் ஒரு மூலையைக்கூட இரண்டு பெண்பிள்ளைகளால் எட்ட முடியவில்லை.

அந்தச் சமயத்தில் டவுனில் பட்டு நூல் வரத்து நின்றது. இராட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். என் பால் வற்றியது. பிள்ளை அழக்கூடத் திராணியில்லாமல் பூனைக்குட்டிபோல முனகிக்கொண்டு கிடந்தான். அப்போது பார்த்துத் தரகன் மறுபடியும் வந்தான். சூசை இரண்டு தடவை அவனைத் துரத்திவிட்டார். மூன்றாம் தடவை துரத்தவில்லை.

காலையில் பிசின் சட்டி காய்கிற வாடையில்தான் விழித்தேன். அவர் குச்சிகளை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். குன்றில் தடவுவதற்காக அண்ணி அங்கே ஏற்கெனவே பூக் கிள்ளிக்கொண்டிருந்தாள். புதரில் ஒரு ஜோடித் தேன்சிட்டு. ஆண் ஒன்று, பெண் ஒன்று.

"அக்கா, தள்ளு" என்றார் சூசை.

"இதுங்களாச்சும் இருக்கட்டும்டா. இதுங்க குஞ்சு பொரிச்சா குன்னுக்கு வரும். ஒரு வருசம் பொறு."

"ஒரு வருசம் எம்புள்ள பொறுக்குமா? அவன் மூஞ்சியப் பாரு. பேஜார் பண்ணாத, தள்ளு ஜல்தியா."

அண்ணி என் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள். அவள் ஒதுங்கிவிடுவாள் என்று நினைத்தேன். ஒதுங்கவேண்டும் என்றுதான் அந்த நிமிஷம் என் வயிறு வேண்டியது. ஆனால் அவள் பாய்ந்து அவர் கையிலிருந்த குச்சிகளை வாரிப் பிடுங்கினாள். கொண்டையை அவிழ்த்தாள். ஒவ்வொரு குச்சியாகத் தன் தலைமயிரில் சுற்றிச் சுற்றி அழுத்தினாள்.

"புடிச்சிக்கோ. என்னியப் புடிச்சிகினு போ. என் தோலை உரிச்சி அந்த ஆளுக்குக் குடு. உம் புள்ளைக்கு அதுல சோறு வரும்னா குடுறா!"

சூசை அப்படியே கல்லறை மேட்டில் உட்கார்ந்துவிட்டார். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு அழுதார். குருவிகள் பறந்துபோயிருந்தன.

பிசினை எடுக்க வீட்டில் ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. நான்தான் அரிவாள்மணையில் வைத்து அவள் முடியைக் கொத்துக் கொத்தாக அறுத்தேன். முழங்கால் வரைக்கும் வரும் முடி. தெருவில், "வேளாங்கண்ணிக்கு வேண்டுதலா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினாள். பிசின் சட்டியைச் சூசை அன்றைக்கே உடைத்துப்போட்டார். அந்த ஜோடி அந்தப் புதருக்குத் திரும்பி வரவே இல்லை. பயந்து போயிற்றோ, வேறு எவன் குச்சியில் ஒட்டியதோ.

கொஞ்ச நாளில் கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கங்காணி ஆள் எடுக்க வந்தான். அண்ணி தெரேசுவைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கங்காணி கொடுத்த அரிசியை அப்படியே என் மடியில் கொட்டினாள். "கஞ்சி வச்சி வடிச்சி ஊத்தும்மே. சோறா குடுக்காத, தாங்காது" என்றாள். தம்பியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வண்டிக்குப் பின்னால் தெள்ளார் வரைக்கும் நடந்தே போனார் என்று பிற்பாடு யாரோ சொன்னார்கள். என் பிள்ளை பிழைத்துக்கொண்டான். அந்த அரிசியில்தான் பிழைத்தான். அவர்களைப் பற்றி ஒரு சேதியும் இன்றுவரை வரவில்லை. தெரேசுவுக்குப் பிள்ளைகள் பிறந்து வயிற்றுவலியில் அழுதிருந்தால், அந்தத் தேயிலை மலையில் எதை உரசிக் கொடுத்தாளோ.

பிறகு ரயில் பாதைக்கு ஜல்லி வேண்டும் என்று குன்றை உடைத்தார்கள். புதர்களை விறகுக்கு வெட்டினார்கள். இன்று அங்கே தண்ணீர் தேங்கிய பள்ளம்தான் இருக்கிறது. சூசை சாயக்காரர்களுக்குத் தண்ணீர் சுமந்தே காலம் தள்ளினார். கடைசி வருஷங்களில், எங்காவது மெல்லிசாக ஒரு கீச்சுச் சத்தம் கேட்டால் குடத்தை இறக்கிவைத்துவிட்டு மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். எப்போதும் அது அணிலாகத்தான் இருக்கும்.

அவரும் இப்போது கல்லறைத் தோட்டத்தில்தான். போன ஆடியில் போயிருந்தேன். மூலைப் புதர் பூத்துக் கொட்டிக்கிடந்தது. வெயில் ஏறும்வரை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எறும்பு வந்தது, ஒரு வண்டு வந்தது. இறகுள்ள எதுவும் வரவில்லை.