காதைத் தொட்ட வயது

போன வாரம் மகள் தொலைபேசியில் கூப்பிட்டு, பேரனைச் சென்னையில் ஒரு கால்பந்து அகாடமியில் சேர்க்கப்போவதாகச் சொன்னாள். சந்தோஷம் என்றேன். "அதுக்கு மணிக்கட்டை எக்ஸ்ரே எடுக்கச் சொல்றாங்கப்பா" என்றாள். எங்காவது விழுந்து வைத்துவிட்டானோ என்று பதறினேன். அதெல்லாம் இல்லையாம். எலும்பின் வளர்ச்சியைப் பார்த்து, பையனுக்கு நிஜமாகவே என்ன வயது என்று கண்டுபிடிப்பார்களாம். சான்றிதழை மட்டும் நம்பமாட்டார்களாம். போனை வைத்த பிறகு என் மணிக்கட்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் எக்ஸ்ரே எடுக்காதது என் அதிர்ஷ்டம். ஏன் என்று சொல்கிறேன்.

கால்பந்து என்றாலே எனக்கு ஒரு நாற்றம்தான் நினைவுக்கு வரும். திண்டுக்கல்லில் மலைக்கோட்டைக்குக் கீழே எங்கள் மைதானம். சாயங்காலக் காற்று தோல் பதனிடும் ஷாப்புகள் இருந்த பக்கமிருந்து அடித்தால், வெளியூர் டீம்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். எங்களுக்கு அது பழகிப்போன வாசனை. பந்தும் அதே தோல்தான். மழையில் நனைந்தால் கல்லாய்க் கனக்கும், தலையால் முட்டினால் கட்டியிருக்கும் வார் நெற்றியில் கோடு போடும். நானும் இரண்டு மேட்ச் ஆடியிருக்கிறேன். இரண்டாவதில் எங்கள் கோலுக்குள்ளேயே அடித்துவிட்டு, கைதட்டல் எனக்குத்தான் என்று நினைத்துக் கையை வேறு தூக்கினேன். அத்தோடு என் ஆட்டம் முடிந்தது.

படித்த பள்ளியிலேயே எனக்கு குமாஸ்தா வேலை கிடைத்தது அறுபதுகளின் தொடக்கத்தில். முதல் வருஷம், வேலை இன்னும் உறுதியாகவில்லை. தலைமையாசிரியர் இருமினால்கூட எழுந்து நிற்பேன். அந்தச் சமயம் பார்த்து டிரில் மாஸ்டருக்கு அம்மை போட்டுவிட, டோர்னமெண்டுக்கு டீமைக் கூட்டிக்கொண்டு போகிற வேலை என் தலையில் விழுந்தது.

எங்கள் கோல்கீப்பர் செல்லமுத்து. பக்கத்துக் கிராமமான அகரத்திலிருந்து வருகிறவன். நின்றால் விரல் நுனி முழங்காலைத் தொட்டுவிடுமோ என்று தோன்றும், அவ்வளவு நீளக் கை. பூட்ஸும் கிடையாது, கையுறையும் கிடையாது. எங்கேடா பிடிக்கப் பழகினாய் என்று ஒருநாள் கேட்டேன்.

"வண்டிக்குப் பூசணி ஏத்துவோம்ல சார். கீழயிருந்து தூக்கிப் போடுவாக, நான் மேல நின்னு புடிக்கணும். ஒண்ண நழுவ விட்டாலும் ஆத்தா முதுகுல வச்சிரும்" என்றான்.

அந்த நாளில் அகாடமி என்ற பேச்சே கிடையாது. மில்காரர்கள், ரயில்வேக்காரர்கள், போலீஸ்காரர்கள் என்று ஆள் பிடிக்க வருகிறவர்கள் டோர்னமெண்ட் டோர்னமெண்டாகச் சுற்றுவார்கள். அப்படி வந்தார் கோயமுத்தூர்ப் பக்கத்து மில் ஒன்றிலிருந்து ஒருவர். கக்கத்தில் குடை, வாயில் வெற்றிலை. ஊரே பந்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் கோலுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எங்கள் பக்கம் ஒரு கோல் விழுந்ததும் செல்லமுத்துவின் முகத்தைத்தான் பார்த்தார். அவன் யாரையும் திட்டாமல் பந்தை எடுத்துத் துடைத்து நடுவுக்கு உதைத்தான். அவருக்கு அது பிடித்துவிட்டது போலிருக்கிறது. மேட்ச் முடிந்து சோடாக் கடையில் நிற்கும்போது, பேச்சோடு பேச்சாகக் கடையிலிருந்த ஓர் எலுமிச்சம்பழத்தைச் சட்டென்று அவன் மேல் எறிந்தார். அவன் இடது கையால் பிடித்து, கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மில்லில் பையன்கள் டீம் ஒன்று உண்டாம். தங்க இடம், சாப்பாடு, மில் பள்ளிக்கூடத்தில் படிப்பு, பதினெட்டு முடிந்ததும் மில்லிலேயே வேலை. பதினாறு வயது முடிந்திருக்கக்கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. செல்லமுத்து அன்று அகரம்வரை ஓடியேதான் போயிருப்பான்.

மறுநாள் மில்காரர் சான்று கேட்டு என் அலுவலகத்துக்கு வந்தார். பதிவேட்டைப் புரட்டினேன். பதினாறு தாண்டி ஏழு மாதம்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பிறந்த தேதி என்பது அந்நாளில் பள்ளிக்கூடத்தில் பிறப்பது. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டுவிட்டால் ஐந்து வயது பூர்த்தி. வாத்தியார் ஜூன் முதல் தேதி என்று எழுதிவிடுவார். எங்கள் பதிவேட்டைப் பார்த்தால் ஜில்லாவில் மற்ற மாதங்களில் பிரசவமே நடக்கவில்லை என்று தோன்றும். செல்லமுத்துவின் கை மூன்றரை வயதிலேயே காதை எட்டிவிட்டது. எழுதிய வயதில் ஒன்றரை வருஷம் பொய். அந்தத் தேதிதான் டி.சி.யில் ஏறி எங்கள் பள்ளிக்கும் வந்தது.

எனக்கு நடந்தது நேர்மாறு. எனக்குக் குட்டைக் கை. ஏழு வயதுவரை காது எட்டவில்லை. ஏழு வயதில் ஐந்து என்று எழுதினார்கள். "விடு, உத்தியோகத்துல ரெண்டு வருசம் கூட இருப்பான்" என்று அப்பா அதைச் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டார். அந்தப் பொய்யும் என் கையிலிருந்த பதிவேடுகளில் ஒன்றில்தான் இருந்தது.

மில்காரர் நல்ல மனிதர். "ஏனுங்க தம்பி, அந்த ஊரு கிராம முன்சீப்புகிட்டப் பொறப்புக் கணக்கு இருக்குமுங்களே. அதுல ஒரு நகல் எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. எனக்கு அது போதுமுங்க. திங்கக்கெழம காலைல பஸ் ஏறறேன்" என்றார்.

சொல்கிறேன் என்றேன். அவர் போனதும் பயம் பிடித்துக்கொண்டது. நகல் வந்தால் பதிவேடு தப்பு என்றாகும். தலைமையாசிரியர் மேலிடத்துக்கு எழுதுவார். மேலிடத்திலிருந்து வந்து எல்லாப் பதிவேட்டையும் குடைவார்கள். என் தேதியும் வெளியே வரும், வேலை போகும். இப்படி ஒன்றன் மேல் ஒன்றாக நானே அடுக்கிக்கொண்டேன். ஒரு பையனின் நகலுக்காக யாரும் அப்படிப் புறப்பட்டு வரமாட்டார்கள் என்று இன்று தெரிகிறது. அன்று எனக்கு இருபத்திரண்டு வயது. பதிவேட்டின்படி இருபது.

சனிக்கிழமை செல்லமுத்துவின் அம்மா பொன்னுத்தாயி வந்தார். அவன் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டான்.

"எம் புள்ளைக்கு வயசு கூடிப்போச்சுன்னுட்டீகளாமே அப்பு? நாந்தான பெத்தேன். ஆத்துல வெள்ளம் வந்து ரெண்டு நா யாரும் அக்கரைக்குப் போக முடியல, அந்நேரம் பொறந்தவன். களையெடுக்கப் போகையில பாத்துக்க ஆளில்லாம, அக்காக்காரியோட ஒட்டிக்கிட்டு இருக்கட்டும்னு நாந்தான் வெள்ளனக் கொண்டாந்து விட்டேன்."

"பெத்தவங்க சொன்னா செல்லாதும்மா. புத்தகத்துல இருக்கறதுதான் வயசு" என்றேன். சொல்லும்போது பதிவேட்டைத் திறந்து பக்கங்களைத் தள்ளிக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தைப் பார்க்காமலிருக்க அது வசதியாக இருந்தது.

"வேற வழி ஒண்ணுமில்லையா அப்பு?"

"இல்லம்மா."

முன்சீப் வீடு பொன்னுத்தாயி வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி. திங்கட்கிழமை காலை மில்காரரிடம், முன்சீப் ஊரில் இல்லையாம் என்று இன்னொரு பொய்யும் சொன்னேன். அவர் சூள் கொட்டிக்கொண்டு, குடையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கியபடி கிளம்பிப் போனார்.

பத்து நாள் கழித்து பொன்னுத்தாயி மறுபடி வந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. தலையில் ஒரு பூசணிக்காய். "எம் புள்ளைக்காக அம்புட்டு நேரம் புஸ்தகத்தப் பெரட்டிப் பாத்தீக. புஸ்தகம் அப்பிடி இருந்தா நீங்க என்ன செய்வீக?" என்று மேசை மேல் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் இரண்டு நாள் அதுதான் வெஞ்சனம். அம்மா ருசி பார்த்துச் சொல்லச் சொன்னாள். நான் அதை ஒதுக்கிவிட்டு மோரை ஊற்றிச் சாப்பிட்டேன்.

செல்லமுத்து அந்த வருஷமே படிப்பை நிறுத்திவிட்டான். பிறகு சந்தைப்பேட்டையில் எப்போதாவது பார்ப்பேன். வண்டியிலிருந்து காய் இறக்கிக்கொண்டிருப்பான். என்னைக் கண்டால் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டு "சார்" என்பான். அவன் அப்படிச் செய்யாமலிருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைப்பேன். சில நாள் அவனைத் தூரத்தில் பார்த்துவிட்டு வேறு தெரு வழியாகப் போயிருக்கிறேன்.

நான் இரண்டு வருஷம் அதிகமாகவே உத்தியோகம் பார்த்து, மாலை போட்டுக்கொண்டு ஓய்வுபெற்றேன். இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? அடுத்த மாதமே பஸ் பிடித்து அகரம் போனேன். செல்லமுத்துவுக்கு முடி நரைத்திருந்தது. மோட்டார் ஷெட் நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரவைத்தான். காபி வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். முன்சீப் நகல், மில்காரர் சொன்னது, என் தேதி, என் பயம், எல்லாம். பந்தைப் பற்றி ஏதாவது சொல்வான், திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

அவன் எழுந்து போய் மோட்டாரை நிறுத்தி, வாய்க்காலில் கை கழுவிவிட்டு வந்தான்.

"ஆத்தா போன ஆடியிலதான் போச்சு சார். சாகுற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்துச்சு. நான் கூலிக்கு ஆசப்பட்டு உன்ன வெள்ளனப் பள்ளிக்கூடத்துல விட்டேன், நாந்தான்டா உம் பொழப்பக் கெடுத்தேன்னு. நா எம்புட்டோ சொல்லிப் பாத்தேன், கேக்கல." பிறகு என் பக்கம் திரும்பினான். "இத அது இருக்கயில வந்து சொல்லியிருக்கலாமே சார்."

காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். அவன்தான் பஸ் நிறுத்தம்வரை வந்து ஏற்றிவிட்டான்.

அந்த மைதானத்தில் இப்போது கடைகள். காற்றில் தோல் நாற்றம் இல்லை. முன்சீப் பதவியையே எடுத்துவிட்டார்கள். அந்தப் பிறப்புக் கணக்கு எங்கே போனதென்று கேட்டால் தாலுகா அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. அவையெல்லாம் போகட்டும், எனக்கு வருத்தமில்லை. களையெடுத்துவிட்டு வந்து, மண் அப்பிய கையோடு என் மேசை முன்னால் நின்று "வேற வழி ஒண்ணுமில்லையா அப்பு" என்று கேட்டவர்தான் இன்று இல்லை. இருக்கிறது என்று அவரிடம் போய்ச் சொல்ல, ஒரு பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் முப்பத்தேழு வருஷம் எனக்கு இருந்தது.