பத்து மணிக்கு முன்னால் பிபிகுல் அக்கா

அல்மாட்டிக்கு வெளியே இருக்கும் எங்கள் சரக்குக் கிடங்கில் மின்னலுக்கும் பிபிகுல் அக்காவுக்கும் ஓட்டப்பந்தயம் வைத்தால் அக்காதான் ஜெயிப்பார். மின்னல் வந்து சேர்வதற்குள் ஒரு கோப்பை பால் டீயும் குடித்து முடித்திருப்பார். வயது ஐம்பத்தொன்பது, இடது முழங்கால் மடங்காது என்பதெல்லாம் சின்ன விஷயம்.

வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு வந்தால் அவர் ஓடுவதைப் பார்க்கலாம். ஒரு கையில் துணி முடிச்சு. உள்ளே பவுர்சாக், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள், வீட்டில் சுட்டவை. மறு கையில் நாலைந்து பெயர் எழுதிய காகிதம். கோட்டின் நடுப் பொத்தான் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. அந்த இடத்தை ஓர் ஊக்கு பார்த்துக்கொள்கிறது.

ஆள் சேர்ப்பது, நீக்குவது, விடுப்பு கொடுப்பது எல்லாம் இருபத்திரண்டு வருடமாக அக்காவின் வேலை. போன வருடம் அதைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைத்துவிட்டார்கள். கம்பெனி அதற்கு ஏதோ அழகான பெயர் வைத்திருக்கிறது. நாங்கள் ‘மாமியார்’ என்போம். யார் எத்தனை பெட்டி தூக்கினார்கள், யார் கழிவறையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார்கள், எல்லாம் அதற்குத் தெரியும். வியாழன் எட்டு மணிக்கு, இனி யார் யார் வேண்டாம் என்று அக்காவின் திரையில் பட்டியல் போடும். ‘பார்த்தேன்’ என்று அக்கா ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். அவருக்கு மிச்சம் வைத்த வேலை அவ்வளவுதான். பத்து மணிக்கு அந்தந்த ஆளின் கைபேசிக்கு அதுவே செய்தி அனுப்பிவிடும்: ‘உங்கள் பங்களிப்புக்கு நன்றி.’

முதல் வியாழன் அது பொதி கட்டும் மைராவுக்கு வந்தது. பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படித்தாள். பெட்டியைக் கீழே வைக்கலாமா கூடாதா என்று சொல்ல ஆளில்லை. மதியம்வரை இடுக்கியபடியே நின்றாள். அடுத்த வாரத்திலிருந்து அக்கா ஓட ஆரம்பித்தார்.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்தியை யாரும் நேராகச் சொல்லமாட்டார்கள். சுற்றி வளைத்துத்தான் வருவார்கள். அக்காவும் அப்படித்தான். முதலில் பவுர்சாக்கை நீட்டுவார். பிறகு, “கால்நடையெல்லாம் சுகமா?” ஐந்தாவது மாடியில் வாடகைக்கு இருப்பவனிடமும் இதே கேள்விதான்.

“பூனை ஒண்ணு இருக்குக்கா. சுகம்தான்.”

“புள்ளைங்க?”

“இருக்காங்க.”

“வீட்டுக்குள்ள குளிர் வராம இருக்கா?”

மூன்றாவது கேள்வி முடிந்ததும் தோளில் கை வைப்பார். “பத்து மணிக்கு போன் அடிக்கும்ப்பா. எடுக்காத. அதுல இருக்கறத நானே சொல்லிடறேன்.”

சிலர் அழுவார்கள். சிலர் அக்காவையே திட்டுவார்கள். ஒருவன் பவுர்சாக்கை அவர்மேல் விட்டெறிந்தான். அக்கா குனிந்து பொறுக்கி, ஊதி, துணியில் போட்டுக்கொண்டார். “திங்கிறது மேல உனக்கென்னப்பா கோவம்?”

இப்போது எங்கள் ஆட்கள் கல்யாண வீட்டில்கூட பவுர்சாக்கைத் தொடுவதில்லை. நான் ஒருநாள் மேற்பார்வையாளரின் நாற்காலியில் ஒன்றை வைத்துவிட்டேன். மனிதர் மதியச் சாப்பாட்டுக்கே போகவில்லை. அக்கா என் காதைத் திருகினார். “டேய் ஒல்ஜாஸ், வெளையாட வேற எதுவும் கெடைக்கலையா? போன மாசம் நாயி, இந்த மாசம் இதுவா?”

நாய் விஷயம் இதுதான்: நடையை எண்ணும் என் கைப்பட்டையை முற்றத்து நாயின் கழுத்தில் கட்டிவிட்டேன். அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் நான். ஒன்பதாம் வகுப்போடு நின்றவன் வாழ்க்கையில் வாங்கிய ஒரே சான்றிதழ் அது.

அக்காவின் இருக்கைக்கு மேலேயும் ஒரு கேமரா உண்டு. “நீங்க எந்திரிச்சுப் போறத எல்லாம் அது எழுதிக்குதுக்கா” என்று ஒருமுறை சொன்னேன்.

“எழுதட்டுமே. கக்கூசுக்குப் போறேன்னு நெனச்சுக்கட்டும். இந்த வயசுல போகக்கூடாதா? பென்ஷனுக்கு ரெண்டே வருஷம்டா. அதுவரைக்கும் ஓட்டிடுவேன்.”

இந்த வியாழன் தண்ணீர் ஜாடி மாற்ற மேலாளர் அஸ்கத்தின் அறைக்குப் போனேன். அலுவலக ஆட்களின் பட்டியல் அவர் திரைக்கு மட்டும்தான் வரும். அதில் ஒரே ஒரு பெயர். பக்கத்தில் காரணம்: ‘இருக்கையில் இல்லாத நேரம் மிக அதிகம், குறிப்பாக வியாழக்கிழமைகளில்.’

“அண்ணே, அக்காகிட்ட நீங்களாவது நேர்ல சொல்லலாமே.”

“பத்து மணிக்கு அதுவே சொல்லிடும்டா. நீ ஜாடிய மாத்து.”

மாற்றினேன். பாதித் தண்ணீர் அவர் கம்பளத்தில் போயிற்று. கை தவறிவிட்டது என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

உணவகத்தில் நான்கு பவுர்சாக் வாங்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினேன். அக்கா யாரிடமோ சொல்லிவிட்டு, பனியில் காலை இழுத்தபடி வந்துகொண்டிருந்தார்.

“கால்நடையெல்லாம் சுகமாக்கா?”

அக்கா நின்றுவிட்டார். இத்தனை நாளில் நான் அவரிடம் கேட்டதெல்லாம் “டீ இருக்கா” என்பது மட்டும்தான்.

“சுகம்” என்றார் மெதுவாக.

“புள்ளைங்க?” கேட்கும்போதே அழுதுவிட்டேன்.

அக்கா என் சட்டைப்பையைப் பார்த்தார். எண்ணெய் வட்டமாகப் பரவியிருந்தது. பிறகு கிடங்குச் சுவரிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்பது நாற்பது.

“எம்பேரு வந்துடுச்சா?”

தலையாட்டினேன்.

ஊக்கு கழன்றிருந்தது. அதைச் சரியாகக் குத்திக்கொண்டு கையை நீட்டினார். நான்கையும் வாங்கி, காலியாகிப்போன தன் துணியில் வைத்து முடிச்சுப் போட்டார்.

“நல்லதாப் போச்சு. எங்கிட்ட தீந்துபோச்சு. லாரியில சரக்கு ஏத்துற செரிக் பயலுக்கு இன்னும் சொல்லல.”

இரண்டடி வைத்தவர் திரும்பினார்.

“மூணாவது கேள்விக்கு அப்புறம்தான்டா சொல்லணும். ரெண்டாவதுலயே அழுதா எப்படி? மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு வா. ஒன்னப் பாத்தா அவனுக்குத் தெரிஞ்சுபோயிடும்.”