தனியாக இருக்கிறவர்கள்

கொழும்பில் வேலை செய்யும் மகள் தைப்பொங்கலுக்கு வந்து நின்றபோது, எங்கள் தொலைக்காட்சியில் எதையோ தட்டி, தான் அங்கே பார்க்கிற படங்களெல்லாம் எங்களுக்கும் வரும்படி செய்துவிட்டுப் போனாள். அவள் போன பிறகு அதில் எதைப் பார்ப்பதென்று எங்களுக்குத் தெரியவில்லை. என் கணவர் ரிமோட்டை வைத்துக்கொண்டு மேலும் கீழுமாக ஓட்டி, கடைசியில் காடு தெரிந்த ஒரு படத்தில் நிறுத்தினார். விலங்குகளைப் பற்றியதாக இருக்கும் என்று நினைத்து உட்கார்ந்தோம்.

குளிர் நாடு ஒன்றின் ஏரிக்கரையில் சிலரை ஆளுக்கொரு மூலையில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவர் கண்ணில் மற்றவர் படமாட்டார். கோடாலி, கயிறு, சட்டி என்று கொஞ்சச் சாமான்தான். மீன் பிடித்தோ கிழங்கு கிண்டியோ தின்றுகொண்டு கிடக்க வேண்டும். படம் பிடிக்கவும் ஆளில்லை. அவர்களே கமராவை ஒரு கட்டையில் வைத்துவிட்டு அதன் முன்னால் வந்திருந்து பேசுகிறார்கள். இனி முடியாது என்று கண்டால் கையில் இருக்கிற கருவியை அழுத்தலாம், படகு வந்து ஏற்றிக்கொண்டு போகும். கடைசி ஆளாக நிற்பவருக்குப் பரிசு.

என் கணவருக்கு அது பிடித்துவிட்டது. அவர் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவர். ஆனாலும் அமிர்தகழியில் வாவிக் கரையில் வளர்ந்தபடியால், மீன் விஷயத்தில் யாரையும் விடமாட்டார். "தூண்டில் கட்டத் தெரியாமக் கட்டுறான் பாரு" என்பார். "நான் எண்டா இவனுகள் எல்லாரையும் அனுப்பிப்போட்டு மறுகாத்தான் வருவன்." நான் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆசிரியை. கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தை வாசித்து அவருக்குச் சொல்வது என் பங்கு.

வாசித்துச் சொல்லிச் சொல்லியே எனக்குள் பயம் வந்தது என்று நினைக்கிறேன். கரடி வந்தபோதுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. ஒரு மனிதரைப் பார்த்துத்தான் பயந்தேன். பெரிய உடம்புக்காரர், தாடி வைத்தவர், வந்த நாளில் எல்லாவற்றுக்கும் சிரித்தார். நல்ல குடில் ஒன்று கட்டினார். பிறகு ஒருநாள் கமராவுக்கு முன்னால் வந்து, "இன்றைக்குக் கொஞ்சம் படுத்திருக்கப் போகிறேன், நான் நன்றாக இருக்கிறேன்" என்றார். அடுத்த முறையும் அதையே சொன்னார். அதற்கடுத்த முறையும். கன்னம் உள்ளே போயிருந்தது. காலையில் அடுப்பு மூட்டுவதை விட்டுவிட்டார். புகை கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

"இந்த ஆளுக்கு என்னமோ செய்யிது" என்றேன்.

"களைச்சுப் போனான், அவ்வளவுதான்" என்றார் கணவர்.

தாடிக்காரர் திரும்பத் திரும்பச் சொன்ன அந்தச் சொற்களை நான் எங்கே கேட்டிருக்கிறேன் என்று உடனே பிடிபடவில்லை. அடுத்தநாள் வகுப்பில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது பிடிபட்டது. சோக்குக் கட்டியை மேசையில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு ஒரே ஒரு அண்ணன். மேசன் வேலை செய்தவர். மட்டக்களப்பில் மாடி வீடு என்று நிற்கிற எத்தனையோ வீட்டுக்குச் சாரம் கட்டி ஏறியவர். பிள்ளைகள் இல்லை. போன வருஷம் அவர் மனைவி, என் மச்சாள், நோயில் போன பிறகு, வீட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம் தந்துவிட்டு, வாகரைப் பக்கம் அப்பா காடு வெட்டிப் பயிர்செய்த சேனைக் காணிக்குப் போய்விட்டார். கச்சான் கடலையும் சோளமும் போட்டிருந்தார். எங்களோடு வந்திருக்கச் சொல்லி நானும் கணவரும் கேட்டோம். "விளைச்சல் முடியட்டும்" என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பேன். "நான் நல்லா இரிக்கன் தங்கச்சி, இண்டைக்குக் கொஞ்சம் படுத்துக் கிடக்கன்" என்பார். வெயிலில் வேலை செய்தவர் படுக்கத்தானே வேண்டும் என்று வைத்துவிடுவேன். எந்த ஞாயிறு எடுத்தாலும் அவர் படுத்தே கிடந்தார் என்பது அந்தத் தாடிக்காரரைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அன்று பாடசாலை விட்டதும் எடுத்தேன். போன் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பின்னேரமும் அப்படியே. "சார்ச் இல்லாமக் கிடக்கும். சந்திக் கடையிலதானே போடுறவர்" என்றார் கணவர். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் சோற்றை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு நிகழ்ச்சியில் வைத்தியர்கள் படகில் வந்து, தாடிக்காரரைச் சோதித்துவிட்டு, நீங்கள் இனி இங்கே இருக்க முடியாது என்றார்கள். அவர் போகமாட்டேன் என்று கெஞ்சினார். தன் உடம்பு எப்படி இருக்கிறதென்று அவருக்கே தெரியவில்லை. நான் வாசித்துச் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

"இஞ்சேருங்க, நாளைக்கு வாகரைக்குப் போவம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுக்கவில்லை.

விடிந்ததும் சமைத்து, சோற்றைக் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வெளிக்கிட்டோம். செங்கலடிக்குக் கிட்டப் போகும்போதே சில்லுக்குக் காற்றுப் போய், ஒட்டுகிறவர் கடை திறக்கும்வரை காத்திருந்து, காணிக்குத் திரும்புகிற சந்தியை அடையும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. சந்தியில் இருந்தது ஒரே ஒரு கடை. அண்ணனைத் தெரியுமா என்று கடைக்காரப் பெண்ணிடம் கேட்டேன்.

"மேசன் அண்ணரா? அவர் வந்து கன நாளாப் போச்சே" என்றாள். "வந்தாலும் பிஸ்கட்தான் வாங்குவார். நீங்க ஆரு?"

"தங்கச்சி."

அவள் முகம் மாறியது. "அக்கா, உள்ளுக்குத் தனியன் ஒண்டு நிக்கிது. முந்தாநாள் எங்கட வாழையெல்லாம் முறிச்சுப் போட்டுது. எங்கட இவர் ஆனை வெடி வாங்கப் போயிட்டார். அவர் வந்தாப் போல போங்களன்."

கூட்டத்தை விட்டுத் தனியே திரிகிற கொம்பனை எங்கள் பக்கத்தில் தனியன் என்பார்கள். அவள் கணவர் எப்போது வருவார் என்று கேட்டேன். பொழுதுபடும் என்றாள். பொழுதுபட்டால் யானை வெளியே வரும் நேரம். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மோட்டார் சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு நடந்தோம். மணல் பாதையில் அது போகாது.

இரண்டு பக்கமும் பற்றைக்காடு, ஆள் உயரத்துக்கு. கொஞ்சத் தூரத்தில் பாதையின் நடுவே யானைப் பிண்டம் கிடந்தது. கணவர் குனிந்து பார்த்தார். "ஈரமா இரிக்கு" என்றார். என் செருப்புச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டதால் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

காணி கிட்டும்போது இடது பக்கத்தில் கொப்பு முறிகிற சத்தம் கேட்டது. கணவர் என் கையைப் பிடித்தார். நாங்கள் அப்படியே நின்றோம். பற்றைக்கு மேலாக முதுகு மட்டும் தெரிந்தது, மண் அப்பியபடி, நகர்கிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாதபடி. காது ஒருமுறை விசிறியது. எவ்வளவு நேரம் நின்றோமோ. அது எங்களைக் காணவில்லை, அல்லது கண்டும் பொருட்படுத்தவில்லை. முதுகு மெல்ல மெல்லப் பள்ளத்துப் பக்கம் இறங்கி மறைந்தது.

"கிறுகிப் போவமா?" என்று வந்த பாதையைக் காட்டி மிகவும் மெல்லிய குரலில் கேட்டார்.

"அண்ணன் இரிக்கார்" என்றேன்.

குடிலை அடைந்தோம். யானை கூரையின் ஒரு பக்கத்தை இழுத்துப் போட்டிருந்தது. சோளம் வைத்த சாக்கு கிழிந்து, மணிகள் மண்ணில் மிதிபட்டுக் கிடந்தன. அடுப்புச் சாம்பல் ஈரமாகி இறுகியிருந்தது, அதில் நெருப்பு மூட்டிப் பல நாளாயிருக்க வேண்டும். உள்ளே யாரும் இல்லை. மச்சாளின் படம் மட்டும் தடியில் கோணலாகத் தொங்கியது. மெல்லக் கூப்பிட்டேன்.

"அண்ணே."

"ஓம்" என்று மேலேயிருந்து கேட்டது.

குடிலுக்குப் பக்கத்தில் நின்ற பாலை மரத்தில் காவலுக்குக் கட்டிய பரண். அதன் ஓரத்தில் அண்ணனின் முகம் தெரிந்தது. தாடி வளர்ந்து, கண் உள்ளே போய்... அந்த முகத்தை நான் எழுத விரும்பவில்லை. "நான் நல்லா இரிக்கன் தங்கச்சி" என்றார்.

ஏணி முறிந்திருக்கும் என்று நினைத்தேன். அது முறியவில்லை. மரத்தோடு நல்லாய்க் கட்டியபடி நின்றது.

"இறங்கி வாங்க."

அவர் ஏணியின் மேல்படியைக் கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "கால் இறங்குதில்ல" என்றார். "அது போயிட்டுது எண்டு தெரியும். கால்தான் நம்புதில்ல."

சாரத்தில் நின்றுகொண்டு வெற்றிலை போட்ட மனிதர் அவர். கணவர் ஏணியில் ஏறினார். தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்துக் குடிக்கவைத்தார். "மச்சான், நான் ரெண்டு படி கீழ நிக்கிறன். உங்கட கால நானே பிடிச்சு வெக்கிறன். நீங்க மரத்தப் பாத்துக்கொண்டு வாங்க." அண்ணன் திரும்பி ஒரு காலை நீட்டினார். கால் காற்றில் கிடந்து நடுங்கியது. திரும்பவும் மேலே எடுத்துக்கொண்டார்.

"தங்கச்சி, அந்த வீரை மரத்துக்குப் பின்னால பாரு" என்றார். "அங்கதான் நிண்டது."

வீரை மரம் காணியின் அந்தத் தொங்கலில், காடு தொடங்குகிற இடத்தில் நின்றது. யானை இறங்கிப் போன பள்ளமும் அந்தப் பக்கம்தான். வெயில் சாயத் தொடங்கியிருந்தது. இங்கே நின்றபடியே, ஒன்றும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பமாட்டார் என்று தெரிந்தது. கச்சான் பாத்திகளை மிதித்துக்கொண்டு நடந்தேன். மரத்தடியில் புல் படுத்துக் கிடந்தது, பட்டை உரிந்திருந்தது. வேறொன்றும் இல்லை.

"ஒண்டும் இல்ல அண்ணே."

"அவடத்திலயே நில்லு."

நின்றேன். காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பரணைப் பார்த்தபடி நின்றேன். திரும்பிப் பார்த்தால் நான் பயப்படுகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிடும், இறங்கமாட்டார். பின்னால் ஏதோ சருகு அசைந்தது. ஓணானாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அதைவிடப் பெரிதாகவும் இருக்கும் என்று உடம்பு சொன்னது. கணவர் அண்ணனின் பாதத்தைப் பிடித்து ஒரு படியில் வைத்தார். பிறகு மற்றப் பாதம். நான் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் மண்ணில் நின்றதும் ஓடினேன், பாத்தியில் இடறி விழுந்து எழுந்து ஓடினேன்.

சோறு கொடுக்க அங்கே நேரமில்லை. மச்சாளின் படத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அண்ணனை நடுவில் விட்டு இரண்டு பக்கமும் தாங்கியபடி நடந்தோம். பாரம் இல்லாமல் இருந்தார். பாதி வழியில் எங்களுக்கு எதிரே லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வருகிற சத்தம் கேட்டது. கடைக்காரப் பெண்ணின் கணவர். நாங்கள் உள்ளே போனது தெரிந்ததும் வெடியைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். ஏறியதும் காட்டுப் பக்கம் ஒன்றைக் கொளுத்தி எறிந்தார். அந்தச் சத்தத்துக்கு அண்ணன் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். காய்ச்சலும் இருந்தது, சரியான சாப்பாடு இல்லாமல் உடம்பு விழுந்துபோய்விட்டது என்றார்கள். கொஞ்சம் தெளிந்த பிறகு அவராகவே சொன்னார். "விடிஞ்சதும் அது போயிட்டுது. நான் கண்டனான். கால வெச்சன், நடுங்கிச்சு, எடுத்துப்போட்டன். வெயில் ஏறட்டும் எண்டு இரிந்தன். மறுகா பின்னேரமாப் போச்சு. அடுத்த நாளும் அப்பிடியே. தண்ணியும் முடிஞ்சு போச்சு." பிறகு மேலே சுற்றுகிற விசிறியைப் பார்த்தபடி சொன்னார். "ஆனைக்கு முந்தியே எனக்குப் பயம் தங்கச்சி. அவ போனதில இரிந்து."

இப்போது எங்களோடு இருக்கிறார். நிகழ்ச்சியில் கடைசியில் யார் நின்றார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஒருநாள் மட்டும் கணவர் மறந்துபோய் அதைப் போட்டுவிட்டார். அண்ணன் கதிரையில் இருந்து முழுவதையும் பார்த்தார். ஒரு பெண் மழையில் நனைந்தபடி கமராவுக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தாள்.

"இவவுக்கு ஊட்டில ஆரும் இல்லையா?" என்று கேட்டார்.

"புருஷன், புள்ளயெல்லாம் இரிக்காங்க" என்றேன்.

"அப்ப ஏன்?"

கணவர் சனலை மாற்றினார்.

இந்தப் போகம் காணியைக் கடைக்காரக் குடும்பத்தோடு பங்குக்குச் செய்கிறார். வேலை உள்ள நாட்களில் காலையில் போய்ப் பின்னேர பஸ்ஸில் வந்துவிடுவார். அவர்கள் கூடவே இருக்கிறார்கள், பரணில் ஏறுவதில்லை, பொழுதுபட முந்தியே வெளியே வந்துவிடுகிறார்கள். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த நாட்களில் பின்னேரமானால் அடுப்பில் எதையும் வைக்க முடிவதில்லை. தெருமுனைக்குப் போய் நிற்பேன். பஸ் வந்து, முன்வாசலால் நாலைந்து பேர் இறங்கி, பின்வாசலால் அவர் சாக்குப்பையோடு இறங்கும்வரைக்கும் அவ்விடத்தை விட்டு அசையமாட்டேன். "என்னத்துக்கு இஞ்ச வந்து நிக்கிற?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். கடைக்கு வந்தேன் என்பேன்.