கண்ணை மூடிப் படம் பார்ப்பவர்

தியேட்டரில் விளக்கு அணைந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார். பிறகு கண்ணை மூடிக்கொள்வார். காசு கொடுத்துத் தூங்க வந்த மகராசன் என்று பக்கத்து நாற்காலிக்காரர் பொறாமையோடு பார்ப்பார். தூக்கமெல்லாம் இல்லை. திரையில் கதாநாயகி செத்துக்கொண்டிருக்க, பின்னணி இசையில் செல்லோ என்ன செய்கிறது என்று இவர் கவனித்துக்கொண்டிருப்பார்.

பிழைப்பு, கண்ணாடிக் கடை. பகலெல்லாம் அடுத்தவர் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, "இதா, இதா? எது தெளிவு?" என்று கேட்கிற வேலை. மிஷின் ஒன்று சொல்லும், வந்தவர் ஒன்று சொல்வார். இவர் வாதாடியதே கிடையாது. "போட்டுக்கப் போறது அவங்க. அவங்க சொல்றதுதான் நம்பர்."

வீட்டுப் படியேறிய யாரும் பாடம் கேட்காமல் தப்பியதில்லை. பாட்டில்லாத வெறும் வாத்திய இசை என்றாலே ஓடுகிறவர்களுக்கு, கடை வைத்தியத்தையே கொடுத்துவந்தார். ஒரே இசைத்துண்டை இரண்டு தடவை போடுவார். குழாய் ரிப்பேருக்கு வந்தவரும் அப்படித்தான் அகப்பட்டார்.

"மொதல்ல வயலின் பின்னாடியே போங்க. போயாச்சா? இப்ப வயலினை விட்டுடுங்க. அடியில ஒருத்தன் முனகுறான் பாருங்க, அவனைப் பிடிங்க. இதா, இதா? எதுல அழுகை வருது?"

"ரெண்டாவதுல சார்."

குழாய்க்காரருக்கு அன்று இரண்டு டீ. குழாய் ஒழுகிக்கொண்டே இருந்தது.

மனைவி மட்டும் தேறவேயில்லை. அந்த அம்மாள் படத்துக்குப் போவது முகம் பார்க்க, உடை பார்க்க, நடுநடுவே வம்பளக்க. வாயைத் திறந்தால் இவர், "ஷ்! ட்ரம்பெட் வருது" என்பார்.

"வரட்டும். வந்து பாத்திரம் கழுவித் தரப்போகுதா?"

இப்போது அந்த அம்மாள் வாயைத் திறப்பதற்கில்லை. மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, உடம்பு மொத்தமும் போய், வலது ஆள்காட்டி விரல் மட்டும் மிச்சம். "காது நல்லா கேக்கும். பிடிச்சதைக் கேக்க விடுங்க" என்றார் டாக்டர். யாருக்குப் பிடித்ததை என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கட்டிலுக்கு இருபுறமும் ஸ்பீக்கர் ஏறியது. விடிந்தால் போர்க்களத்து இசை, மத்தியானம் பிரிவு, சாயங்காலம் துரத்தல். விரல் துடித்துத் துடித்து அடங்கியது.

"தாளம் போடறா பாருங்க! இத்தனை வருஷமா வராதது வந்துடுச்சு" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். இனி நாள்தான் கணக்கு என்று டாக்டர் கைவிரித்த அன்றும் அதையேதான் சொன்னார்.

உதவிக்கு வந்திருந்த மனைவியின் தங்கை பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார். "அத்தான், கடையில கேக்கிற மாதிரி அக்காகிட்ட கேட்டீங்களா?"

"கேக்காமலா? வயலினா செல்லோவான்னு தினமும் கேக்கறேன்."

"ரெண்டுமே உங்க சரக்கு. ஒருதடவை ஸ்பீக்கரை அணைச்சுட்டுக் கேளுங்க."

வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். "எது வேணுமோ அதுக்கு மட்டும் விரலைத் தூக்கு. என்ன?" இசையைப் போட்டார். "இதா?" விரல் போர்வைமேல் கிடந்தது. ஸ்விட்சைத் தட்டி அணைத்தார். "இதா?"

விரல் எழுந்தது. எழுந்தது இறங்கவில்லை.

கடை வழக்கப்படி வரிசையை மாற்றி இன்னொரு தடவை கேட்டுப் பார்த்தார். அதே பதில்.

இரண்டு ஸ்பீக்கரின் ஒயரையும் பிடுங்கிவிட்டு, நாற்காலியைத் தலைமாட்டுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மின்விசிறி சுற்றியது. அதற்கு அடியில், ஏறுகிறபோது தடுக்கி, இறங்குகிறபோது இழுத்து, மூச்சு ஒன்று போய்வந்தது.

"அத்தான்..." என்று தங்கை ஆரம்பித்தார்.

"ஷ்" என்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார்.